கடைவரம்பின் உரிமை

(கொட்டாரத்தில் தோழர்களிடையே ஆற்றிய உரை)



"கொட்டாரத்திலே கூட்டம்; பேச்சோ அமெரிக்க ஆற்றிலே நீந்தும் மீனைப் பற்றி! வயலும் தென்னந்தோப்பும் சூழ்ந்த ஊரிலே, வலை உலர்த்த மணற்பரப்பு இல்லாத ஊரிலே, மீன் வழக்கைப் பேசுவானேன்?" என்று, இம்மேடைக்கு வருமுன் ஒரு தோழர் என்னைக் கேட்டார். கேட்டதிலே தவறில்லை, கேட்கத்தான் வேண்டும். அவருக்கு நான் சொன்ன விடையைத்தான் இப்போது உங்கள் அனைவர் முன்னும் விரித்துரைக்க விழைகிறேன்.

நாகர்கோவிலிலிருந்து குமரிமுனை செல்லும் பேருந்து இவ்வூரைக் கடந்த சிறிது நேரத்தில் கடற்காற்று முகத்தில் அடிக்கிறது. இடையிலே இருப்பது சில கல் தொலைவு. நிலத்தின் தொலைவு அவ்வளவுதான். நெஞ்சத்தின் தொலைவு எவ்வளவு? கடற்கரையிலே ஒருவன் வலை அறுபட்டது, படகுகள் மோதிக்கொண்டன, மறியல் நடந்தது என்று செய்தி வருகிறது. நாம் என்ன சொல்கிறோம்? "அது கடற்கரைச் சண்டை, அவர்களுக்குள் அடித்துக்கொள்வார்கள், அவர்களே கூடிக்கொள்வார்கள்" என்று சொல்லிவிட்டு, செய்தித்தாளை மடித்து வைக்கிறோம். அந்தச் சொல் தவறு என்று எடுத்துரைக்கவே நான் வந்திருக்கிறேன்.

உழவர்களாகிய உங்களுக்கு ஒன்று தெரியும். அதை எந்தப் பேராசிரியரும் உங்களுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. பேச்சிப்பாறை அணை 1906ஆம் ஆண்டிலே கட்டி முடிக்கப்பட்டது. அன்று தொடங்கி அந்த நீரை நம்பித்தான் நாஞ்சில் நாட்டிலே கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைகின்றன. அணையிலே நீர் இருக்கிறது. கால்வாயிலே நீர் வருகிறது. ஆனால் கடைவரம்பு வயலுக்கு வருகிறதா? தலைமடைக்காரர் வாழைக்கும் பாய்ச்சி, நெல்லுக்கும் பாய்ச்சி, வழிந்தோடவும் விட்ட பிறகு, எஞ்சியது இருந்தால் அல்லவா கடைவரம்புக்கு வரும்! அப்போது ஓர் அதிகாரி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர் தலைமடைக்குப் போகவில்லை, இடைமடையைப் பார்க்கவில்லை, நேரே கடைவரம்புக்கு வந்து, "நீர்ப் பற்றாக்குறை இருக்கிறது, ஆகவே நீங்கள் பயிர் வைக்கக்கூடாது, மீறினால் சிறை" என்கிறார். உங்கள் இரத்தம் கொதிக்காதா?

அந்தக் கொதிப்பை நெஞ்சிலே வைத்துக்கொண்டு கேளுங்கள். இனி நான் சொல்லப்போவது அமெரிக்கக் கதை.

கடைவரம்பில் நின்ற தொல்குடி

அமெரிக்காவின் மேற்குக் கரையிலே வாஷிங்டன் என்றொரு மாநிலம். தலைநகரான வாஷிங்டன் வேறு, இது வேறு. அங்குள்ள ஆறுகளிலே சால்மன் எனும் மீன் பிறக்கிறது. ஆற்றிலே பிறந்து, கடலுக்குச் சென்று வளர்ந்து, பருவம் வந்ததும் முட்டையிடுவதற்காகத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வருவது அதன் இயல்பு. அந்த ஆறுகளின் கரையிலே வாழ்ந்த தொல்குடி மக்களுக்கு அம்மீனே உணவு, அதுவே வாணிபம், அதுவே விழா. 'செவ்விந்தியர்' என்று வெள்ளையர் பெயர் சூட்டிய மக்கள் அவர்கள்.

1854ஆம் ஆண்டு, டிசம்பர் 26. ஐசக் ஸ்டீவன்ஸ் எனும் ஆளுநர் அம்மக்களிலே சில குலத்தாரை மெடிசின் கிரீக் என்னும் இடத்திலே கூட்டி, ஒப்பந்தம் ஒன்றிலே குறியிடச் செய்தார். 20 இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அந்த ஒரே ஒப்பந்தத்தால் கைமாறிற்று. பேச்சு நடந்த மொழி எது? குடியேறியவரின் ஆங்கிலமும் அன்று, குலத்தாரின் தாய்மொழியும் அன்று. சில நூறு சொற்களே கொண்ட 'சினூக்' எனும் சந்தை மொழி! அந்த மொழியிலே ஒரு நாட்டையே எழுதி வாங்கினர். ஆனால் குலத்தார் ஒன்றைமட்டும் விடவில்லை. "நிலத்தைத் தருகிறோம், நாங்கள் வழக்கமாக மீன் பிடித்துவரும் இடங்களிலே, குடியேறியவர்களோடு பொதுவாக, மீன் பிடிக்கும் உரிமை எங்களுக்கு இருக்கவேண்டும்" என்றனர். ஒப்பந்தத்திலே அது எழுதப்பட்டது.

இங்கே நுட்பம் ஒன்று உண்டு. அதை நன்றாக மனத்தில் இருத்துங்கள். அந்த உரிமையை வெள்ளையர் அவர்களுக்கு வழங்கினார்களா? இல்லை. உடையவன் தன் வீட்டை விற்கும்போது, "கிணற்றிலே நீர் எடுக்கும் உரிமை எனக்கு உண்டு" என்று எழுதி வைத்துக்கொள்கிறானே, அதுபோல, தம்முடையதிலே ஒரு பகுதியைத் தாமே நிறுத்தி வைத்துக்கொண்டார்கள். 1905ஆம் ஆண்டிலே, யாகமா குலத்தாரின் வழக்கிலே, அமெரிக்க உச்சநீதிமன்றமே இதனை ஏற்றுக்கொண்டது. தானம் பெற்றவனிடம், "போதும், எழுந்து போ" என்று சொல்லலாம். உரியவனிடம் அப்படிச் சொல்ல முடியுமா?

சொன்னார்கள்! சட்டம் ஏட்டிலே கிடந்தது. மீன் வேறு கைகளுக்குப் போயிற்று. திரும்பி வரும் சால்மனை முதலிலே ஆழ்கடலில் வாணிபப் படகுகள் பிடித்தன. பிறகு கழியிலே பெருவலைகள் பிடித்தன. விடுமுறைநாள் இன்பத்துக்காகத் தூண்டிலேந்தி வந்தவர்கள் கடலிலும் ஆற்றிலும் பிடித்தனர். இத்தனை பேருக்கும் தப்பி ஆற்றுக்குள் நுழைந்த மீனுக்காகக் கடைசியிலே காத்து நின்றவன் தொல்குடி மீனவன். ஆம், தோழர்களே! மீனின் பாதையிலே அவன்தான் கடைவரம்புக்காரன். மீன் குறைந்தது என்றதும் மாநில அரசு எங்கே போயிற்று? தலைமடைக்குப் போகவில்லை. "மீன்வளத்தைக் காக்கிறோம்" என்று கூறிக்கொண்டு, ஆற்றங்கரைக்கு வந்து, அவன் வலையைப் பறித்தது. அவன் தோணியைக் கைப்பற்றியது. அவனைச் சிறையிலே தள்ளியது. காப்பு என்ற நல்ல சொல், கடைசியில் நிற்பவனை மட்டும் அடிக்கும் கோலாக மாறிற்று.

தூண்டிலுக்கு ஒரு நீதி, வலைக்கு ஒரு நீதி

இதிலே இன்னொரு விந்தையையும் பாருங்கள். ஸ்டீல்ஹெட் என்றொரு மீன் உண்டு. கடலுக்குப் போய் ஆற்றுக்குத் திரும்பும் வானவில் டிரவுட் அது. நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளிலே வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்டார்களே, அதே இனம்தான். இதனை 'விளையாட்டு மீன்' என்று மாநிலம் முத்திரை குத்தியது. விளையாட்டு மீன் என்றால், பொழுதுபோக்குக்காகத் தூண்டிலிலே பிடிக்கலாம். வயிற்றுப்பாட்டுக்காக வலையிலே பிடிக்கக்கூடாது! தூண்டில் ஏந்தியவர் எல்லாரும் வந்தேறியவர். வலை வீசியவன் மண்ணின் மைந்தன். சட்டம் எவர் பெயரையும் சொல்லவில்லை. கருவியின் பெயரைத்தான் சொன்னது. ஆனால் அடி யார்மீது விழுந்தது? 1973ஆம் ஆண்டிலே உச்சநீதிமன்றம் இந்தப் புயாலப் ஆற்று வழக்கிலே, இது பாகுபாடுதான் என்று தெளிவாக உரைத்தது. நம் நாட்டிலும், பெயர் சொல்லாமல் கருவியைச் சொல்லி, முறையைச் சொல்லி, தகுதியைச் சொல்லி ஒதுக்கும் சட்டங்களைக் கண்டவர்கள் அல்லவா நாம்!

மக்கள் சும்மா இருக்கவில்லை. 1960களிலே அவர்கள் அறப்போர் தொடுத்தனர். தடை செய்யப்பட்ட ஆற்றிலே, பகற்பொழுதிலே, பலரறிய வலை வீசினர். கைது செய்தால் சிறை சென்றனர். வெளியே வந்ததும் மீண்டும் வலை வீசினர். 1964ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள், புகழ்பெற்ற திரைப்பட நடிகர் மார்லன் பிராண்டோ அவர்களோடு புயாலப் ஆற்றிலே மீன்பிடித்துக் கைதானார். உலகம் திரும்பிப் பார்த்தது. நிஸ்குவாலி குலத்தைச் சேர்ந்த பில்லி ஃபிராங்க் 14 வயதுச் சிறுவனாக முதன்முதலில் கைது செய்யப்பட்டவர். பிறகு 50 தடவைக்கு மேல் சிறைப்பட்டவர். 2014ஆம் ஆண்டிலே அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் உயரிய விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. ஒரு காலத்திலே விலங்கு பூட்டியவர்கள், பின்னொரு காலத்திலே பதக்கம் சூட்டினர். இடையிலே நடந்தது போராட்டம்!

1974ஆம் ஆண்டு, பிப்ரவரி 12. ஜார்ஜ் போல்ட் எனும் நீதிபதி தீர்ப்பளித்தார். அவர் புரட்சிக்காரர் அல்லர். ஐசன்ஹோவர் காலத்திலே நியமனம் பெற்ற, கண்டிப்புக்குப் பெயர்போன முதியவர். ஒப்பந்தத்திலே கண்ட 'பொதுவாக' எனும் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஆராய்ந்தார். இருவருக்குப் பொதுவானது என்றால், இருவரும் சமமாகப் பகிர்ந்துகொள்வது என்றுதான் பொருள். ஆகவே பிடிக்கத்தக்க மீனிலே பாதிவரை தொல்குடிகளுக்கு உரியது என்றார். அதுவரை அவர்களுக்குக் கிடைத்து வந்தது எவ்வளவு? ஏறத்தாழ நூற்றிலே ஐந்து!

'பிடிக்கத்தக்க மீன்' என்பதைக் கவனியுங்கள். இனம் பெருகுவதற்காக ஆற்றிலே முட்டையிட விட்டுவைக்க வேண்டிய மீனை முதலிலே கழித்துவிட்டு, எஞ்சியதிலேதான் பாதி. விதைநெல்லை எடுத்து வைத்த பிறகே களத்திலே பங்கு பிரிப்பது நம் வழக்கம் அல்லவா? நீதிமன்றம் கூறியதும் அதுதான்: விதை முதலில், பங்கு பிறகு, பங்கிலே கடைவரம்புக்காரனுக்கு அவன் உரிமை.

எதிர்ப்பு எழுந்தது. நீதிபதியின் கொடும்பாவியைத் தூக்கிலிட்டனர். தீர்ப்பை மதியாமல் ஆண்டுக்கணக்கிலே மீன் பிடித்தனர். மாநில அதிகாரிகள் பார்த்தும் பாராமல் இருந்தனர். மீன்பிடிப்பின் மேற்பார்வையை நீதிமன்றமே ஏற்க வேண்டிவந்தது. 1979ஆம் ஆண்டு ஜூலையிலே உச்சநீதிமன்றம் தீர்ப்பின் சாரத்தை உறுதி செய்தது. அதன்பின் குலத்தாரும் மாநில அரசும் ஒரே மேசையிலே அமர்ந்து, எத்தனை மீன் வரும், எத்தனையை விட்டுவைப்பது, யார் எப்போது பிடிப்பது என்று ஆண்டுதோறும் கூடி முடிவு செய்யும் நிலை உருவாயிற்று.

எதிர்த் தரப்பின் துன்பத்தையும் மறைக்காமல் சொல்வேன். எதிர்த்தவர் எல்லாரும் செல்வர் அல்லர். கடன் வாங்கிச் சிறு படகு வாங்கிய வெள்ளை உழைப்பாளியும் அதிலே இருந்தான்; அவன் பங்கு சுருங்கியது; அவன் வீட்டு அடுப்பும் அணைந்தது. அவனுடைய துன்பம் உண்மையானது. ஆனால் அவனுக்கு அந்தத் துன்பத்தை ஆக்கியவர் யார்? பிறருக்குரிய மீனை நம்பி, மீனின் அளவுக்கு மிஞ்சிப் படகு உரிமங்களை வழங்கிய ஆட்சிதான்! இல்லாத நீருக்குப் பட்டா எழுதிக் கொடுத்துவிட்டு, தலைமடையையும் கடைவரம்பையும் மோதவிட்டு வேடிக்கை பார்த்த கதை அது.

நம் நாட்டுத் தூண்டில் துரைகள்

"அது வெள்ளையர் நாடு, இங்கே அப்படி உண்டா?" என்று கேட்பீர்கள். உண்டு. சென்னை மாகாணத்து ஆட்சிப்பணியிலே இருந்த எச்.எஸ்.தாமஸ் எனும் வெள்ளையர், இந்திய ஆறுகளிலே தூண்டில் விளையாட்டைப் பற்றி 1873ஆம் ஆண்டிலே ஒரு நூலே எழுதினார். 1879ஆம் ஆண்டிலே நீலகிரியின் வேட்டை விலங்குகளையும் மீனையும் காப்பதற்கெனத் தனிச்சட்டம் வந்தது. 1897ஆம் ஆண்டிலே வந்த இந்திய மீன்வளச் சட்டம், வெடிவைத்து மீன் பிடிப்பதையும், நீரிலே நஞ்சு கலந்து மீன் பிடிப்பதையும் குற்றமாக்கியது. வெடிக்குத் தடை விதித்தது சரியே, நானும் வரவேற்கிறேன். ஆனால் மரப்பட்டையும் காயும் இடித்து மடுவிலே கலந்து, மயங்கி மிதக்கும் மீனைப் பொறுக்கிய மலைமகனும், வெடிமருந்தை வீசி ஆற்றையே குலைத்தவனும் ஒரே சட்டத்தின்கீழ் குற்றவாளிகள் ஆயினர். துரையின் தூண்டிலோ பெருமிதத்தோடு ஓடைக்கரையிலே நின்றது.

காவிரியிலே, கன்னட நாட்டுப் பகுதியிலே, கெண்டை இனத்துப் பெருமீனாகிய மகசீருக்காக உலகெங்கிலுமிருந்து தூண்டிலார் வந்தனர். பெங்களூரிலே இருந்த சங்கம் ஒன்று ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்தது. பிடித்த மீனை மீண்டும் ஆற்றிலேயே விடுவது அவர்கள் நெறி. வெடிவைப்போரைத் தடுக்கக் காவலும் போட்டனர். அந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் கரையிலே பிறந்தவன் தன் ஆற்றிலே கூலிக்கு வழிகாட்டியாகவும் காவலாளியாகவும் நின்றானே அன்றி, பங்காளியாக நின்றானா? அந்த மீனோ 2018ஆம் ஆண்டிலே, அழிவின் விளிம்பிலே நிற்கும் இனமென்று பன்னாட்டுப் பட்டியலிலே ஏறிற்று. அணைகளும் அழுக்கும் மணற்கொள்ளையும் ஆற்றைக் கெடுத்த பிறகு, தூண்டிலுக்கு எவ்வளவு, வலைக்கு எவ்வளவு என்று வழக்காடி என்ன பயன்?

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காடுவாழ் மக்களின் கூட்டுரிமைகளிலே நீர்நிலைகளின் மீனையும் ஒன்றாக எண்ணியிருக்கிறது. பேச்சிப்பாறைக்கு மேலுள்ள மலைகளிலே வாழும் காணி மக்களுக்கும் பொருந்தும் சட்டம் அது. நம் வயலுக்கு நீர் பிறக்கும் இடத்திலே வாழ்பவர்கள் அவர்கள். அந்த உரிமையைக் கேட்டுப் பெறுவதற்கு அவர்களுக்குத் துணை நிற்க வேண்டியவர் யார்? அந்த நீரை உண்டு வாழும் நாம் அல்லவா?

நம் கடலின் வழக்கு

மலையிலிருந்து இனிக் கடலுக்கு வருவோம். குமரி மாவட்டத்தின் கடற்கரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். நெடுகிலும் மீனவர் ஊர்கள். இங்கே வழக்கு தூண்டிலுக்கும் வலைக்கும் அன்று. சிறு படகுக்கும் பெரு மடிக்கும் நடக்கும் வழக்கு. ஆயினும் கேள்வி அதே கேள்விதான்: வலியவன் முதலில் வாரிக்கொண்டால், வாழ்வதற்கே அதை நம்பி நிற்பவனுக்கு என்ன பங்கு?

1953ஆம் ஆண்டிலே இந்தோ-நார்வேத் திட்டம் கேரளக் கரையிலே தொடங்கியது. மீனவனை முன்னேற்றுவதற்கென வந்த திட்டம் அது. பின்னர் இறாலுக்கு வெளிநாட்டிலே விலை ஏறிற்று. விலை ஏறியதும் முதல் வந்தது. கடலையே கண்டிராத முதலும் வந்தது. இழுவைப்படகுகள் பெருகின. அந்த மடி கடலின் அடித்தரையை உழுதுகொண்டு போகிறது. உழவு நமக்குத் தெரியும், விதைப்பதற்காக உழுகிறோம். விதைக்காத உழவு அது! குஞ்சும் குறுமீனும் வாரிக்கொண்டு போகிறது. வழியிலே சிறுபடகுக்காரன் இட்டுவைத்த வலை இருந்தால் அதையும் அறுத்துக்கொண்டு போகிறது. வலை என்பது என்ன? அவனுக்கு அதுதான் நிலம், ஏர், எருது, வங்கிக் கடன் எல்லாம். ஓரிரவிலே அது போனால், நாம் அறுவடைக்கு நிற்கும் வயலைத் தீக்கிரையாகக் கொடுத்ததற்கு ஒப்பாகும்.

தமிழ்நாட்டிலே 1983ஆம் ஆண்டு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல் தொலைவு, அதாவது ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர், சிறுபடகுகளுக்கு உரியது. விசைப்படகு அதற்குள்ளே மீன்பிடிக்கக் கூடாது. 2000ஆம் ஆண்டிலே சுருக்குமடி தடை செய்யப்பட்டது. 2023 சனவரியிலே உச்சநீதிமன்றம் இடைக்கால ஆணை ஒன்றிலே, 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டே நாள், பகலில் மட்டும் எனும் கட்டுப்பாடுகளோடு அதனை அனுமதித்தது. ஆக, இடத்தாலும் நாளாலும் நேரத்தாலும் கடலைப் பங்கிடலாம் என்பதைச் சட்டமும் ஏற்கிறது, நீதிமன்றமும் ஏற்கிறது.

நம் மக்கள் அதனை முன்னமே அறிவர். பாக் நீரிணைக் கரையிலே, வாரத்தின் மூன்று நாள் இழுவைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்றொரு முறை வகுக்கப்பட்டது. பழவேற்காட்டு ஏரியிலே 'பாடு' எனும் வழக்கம் உண்டு. எவர் எந்நாள் எவ்விடத்திலே வலை கட்டுவது என்று தமக்குள் குலுக்கிட்டு முறை வைத்துக்கொள்கின்றனர். முறைக்குள் இல்லாதவருக்கு இடமில்லை எனும் குறை அதிலே உண்டு; எனினும் முறை வைத்துப் பகிர்வது நம் மண்ணுக்குப் புதிதன்று. வயலுக்கு முறைநீர் வைத்த அதே அறிவுதான் அது.

ஆனால் கடலிலே வேலி இல்லை, வரப்பு இல்லை. 3 கடல் மைல் என்று தாளிலே கோடு போடலாம். இரவிலே அந்தக் கோட்டைக் காண்பவர் யார்? காவற்படகு வேண்டும்; அதற்கு எரிபொருள் வேண்டும்; ஆள் வேண்டும்; வேண்டியவர், வேண்டாதவர் பாராத உறுதி வேண்டும். ஒப்பந்தம் எழுதி 120 ஆண்டு ஆகியும் அமெரிக்கத் தொல்குடிக்குக் கிடைத்தது நூற்றிலே ஐந்து என்றால், எழுதிய உரிமை வேறு, எய்திய உரிமை வேறு என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

தடைக்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2017ஆம் ஆண்டு முதல் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. அது கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம் மாவட்டத்திலேயே இரு கரைகளும் கூடுகின்றன! சின்னமுட்டத்துப் படகு கட்டிக் கிடக்கும் நாளிலே குளச்சல் படகு கடலிலே இருக்கும். குளச்சல் கட்டிக் கிடக்கையிலே சின்னமுட்டம் புறப்படும். தடை என்பது விதைநெல்லை எடுத்து வைக்கும் காலம். அந்த நாட்களை எவ்வாறு வகுத்தால் மீனுக்கும் நலம், இரு கரைக்கும் நலம் என்பதை, படகோட்டுகிறவனையும் வலை வீசுகிறவனையும் மேசையிலே அமர்த்திக் கேட்டு முடிவு செய்யவேண்டாமா?

ஒன்றை அழுத்தமாகச் சொல்லிவைக்கிறேன். விசைப்படகு நமக்குப் பகை அன்று. தூத்தூர் பகுதி மீனவர் விசைப்படகிலே பன்னாட்கள் ஆழ்கடலிலே தங்கிச் சுறா பிடிக்கும் தீரர்கள். 2017 நவம்பர் இறுதியிலே ஒக்கிப் புயல் அடித்தபோது கரை திரும்பாதவர்களிலே அவர்கள் பலர். அவர்களை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. இழுவைப்படகிலே கூலிக்குப் போகும் இளைஞனும் மீனவன் மகன்தான். கரையோரம் சிறியவனுக்கு, ஆழ்கடல் அதற்குரிய ஆற்றலும் பாதுகாப்பும் உள்ளவனுக்கு என்று முறை வகுத்தால், இருவருக்கும் இடம் உண்டு. அண்ணனையும் தம்பியையும் மோதவிட்டு, உரிமம் விற்றுக் காசு பார்ப்பவர்தாம் நமக்கு எதிரி.

நாம் செய்யவேண்டுவது

1989ஆம் ஆண்டிலே, நீரைக் காக்கவும் வாழ்வைக் காக்கவும் எனும் முழக்கத்தோடு, கிழக்குக் கரையிலிருந்தும் மேற்குக் கரையிலிருந்தும் மீனவர்கள் நெடும்பயணம் புறப்பட்டு, மே முதல் நாளன்று குமரிமுனையிலே கூடினர். அந்த நாள் துப்பாக்கிச் சூட்டிலே முடிந்தது. கொட்டாரத்திலிருந்து கூப்பிடு தொலைவு என்று சொல்லத்தக்க இடத்திலே! அன்று உள்நாட்டு ஊர்களிலிருந்து எத்தனை பேர் அவர்கள் பக்கம் போய் நின்றோம்? இந்தக் கேள்வியை எனக்கும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கு முன், 1982ஆம் ஆண்டிலே மண்டைக்காட்டிலே என்ன நடந்தது என்பதை மூத்தவர்கள் அறிவீர்கள். மதத்தின் பெயரால் கரையும் உள்நாடும் பிளவுண்டன, உயிர்கள் பறிபோயின, வீடுகள் எரிந்தன. அந்தத் தழும்பு இன்னும் ஆறவில்லை. கடற்கரைக்காரனின் வயிற்று வழக்கை அவன் கும்பிடும் தெய்வத்தைக் கொண்டு அளக்கத் தொடங்கினால், அந்தப் புண் மீண்டும் வாய் திறக்கும். மீனுக்கு மதம் இல்லை, பசிக்கும் இல்லை.

ஆகவே தோழர்களே, வலை அறுபட்டவன் முறையீட்டோடு வந்தால், "அது கடற்கரைச் சண்டை" என்று சொல்லாதீர்கள். அவனோடு மீன்வளத்துறை அலுவலகத்துக்குச் செல்லுங்கள். மனுவை எழுதிக் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு வாங்கிக் கொடுங்கள். எல்லை மீறியது எப்படகு, எந்நாள், எந்நேரம் என்று குறித்து வைக்கக் கற்றுக்கொடுங்கள். அறிவு மிக்க வழக்கறிஞரும் ஆதாரம் இல்லாமல் வாதாட முடியாது. குறுங்கண்ணி மடியால் குஞ்சை வாருபவன் நம் உறவினனே ஆயினும், நம் கொடி பிடிப்பவனே ஆயினும், தவறு தவறே என்று சொல்லும் துணிவு கொள்ளுங்கள். வேண்டியவனிடம் வாய் மூடிக்கொள்பவன் வேண்டாதவனிடம் நீதி பேசத் தகுதியற்றவன்.

இறுதியாக, நம்மைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்க வழக்கு பாதிப் பங்கோடு முடியவில்லை. சாலைகளுக்கு அடியிலே மாநிலம் பதித்த நீர்க்குழாய்கள் மீனின் வழியை அடைத்தன. மீன் வரும் வழியை அடைத்துவிட்டு, வராத மீனிலே பாதி உனக்கு என்பது என்ன நீதி என்று குலத்தார் கேட்டனர். 2018ஆம் ஆண்டு ஜூனிலே உச்சநீதிமன்ற நீதிபதிகள் நால்வர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்தனர். அதனால் கீழ்நீதிமன்றத் தீர்ப்பு நிலைத்தது. அடைப்பை நீக்கவேண்டிய கடமை மாநிலத்தின்மீது விழுந்தது.

கால்வாய் அடைப்பு என்றால் என்ன என்று நமக்கு எவரும் விளக்கவேண்டாம். நாஞ்சில் நாட்டு வயல்களின் வடிநீர் பழையாற்றிலே சேர்கிறது. சுசீந்திரத்தைக் கடந்து, மணக்குடியிலே கடலோடு கலக்கிறது. அந்தக் கழிமுகத்திலேதான் இறாலின் குஞ்சும் மீனின் குஞ்சும் ஒதுங்கி வளர்கின்றன. வீட்டுக் கழிவும் சந்தைக் கழிவும், வயலிலே அளவுக்கு மிஞ்சித் தெளித்த நஞ்சும் அந்த வழியேதான் போகின்றன. இதுவரை தலைமடைக்காரனைக் குறைகூறி வந்தோமே, மணக்குடி மீனவன் நம்மைப் பார்த்து என்ன சொல்வான்? பேச்சிப்பாறைக்கு நாம் கடைவரம்பு; அவனுக்கோ நாம் தலைமடை!

தனக்கு மேலே இருப்பவனிடம் பங்கு கேட்பது எளிது. தனக்குக் கீழே இருப்பவனின் பங்கைத் தானே ஒதுக்கி வைப்பதுதான் கடினம். இரண்டையும் செய்பவனுக்கே உரிமை என்னும் சொல்லை உச்சரிக்கும் தகுதி உண்டு. மலையிலே காணிக்காரனும், வயலிலே நாமும், கடலிலே மீனவனும் ஒரே நீரின் மூன்று மடைகள். கடைசி மடையிலே நிற்பவனுக்கு நீதி சென்று சேர்ந்ததா என்று பார்த்து வாருங்கள். அதன்பின் நாம் கூட்டம் போட்டு வெற்றி பேசலாம்.

இன்றிரவு வீடு திரும்புகையிலே, தெற்கே ஒருமுறை நோக்குங்கள். இருட்டிலே கடலிலே சிறு விளக்குகள் தெரியும். அவையும் நம் ஊரின் விளக்குகளே என்று எண்ணிக்கொள்ளுங்கள். நாளை காலை முதல் வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.